ஒரே நாளில் பதினெட்டு கிலோ

அத்தியாயம் 1

சரத் மாடிப்படி ஏறி வந்தபோது மணி பதினொன்று பத்து. நாலு மணிக்கு வேன். அந்த வேன் போய்ச் சேரும் இடத்தில் அவன் மனைவியின் வயிற்றுக்குள் ஒரு குழாய் இறங்கும்.

பஃப்பலோ ரோட்டில் பூக்கடைக்கு மேலே இருந்த அந்த அறைதான் ஃபர்சானாவின் துப்பறியும் அலுவலகம். இருபது வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். பொய் சொல்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வராது, பசி வரும்.

எதிரே பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் சேதுபதி. அவளுக்கு உதவியாளர், டிரைவர், சில நாட்களில் தலைவலி. ஐம்பத்தைந்து வயது, தொண்ணூற்றெட்டு கிலோ. இரண்டையும் கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

"அக்கா, நீங்கதான் நிப்பாட்டணும்," என்றான் சரத். உட்காரவில்லை.

"யாரை?"

"என் ஒய்ஃபை. தாரணி. செங்காங்ல சைல்ட்கேர் டீச்சர். இன்னிக்கு லிப்போ பண்ணிக்கப் போறா."

"லிப்போன்னா இந்தக் கொழுப்பைக் குழாய் போட்டு உறிஞ்சுறதுதானே?" சேதுபதி விரலை நக்கினார். "என்னைக் கூட்டிட்டுப் போனா அந்த மெஷின் எம்சி லீவு எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடும் லா."

சரத் சிரிக்கவில்லை. "போன மாசம் பாலிகிளினிக்ல அவளுக்குச் சுகர்னு சொல்லிட்டாங்க. எடையைக் குறைக்கணும்னாங்க. நடந்து, சாப்பாட்டை மாத்தி, ஒரு வருஷம் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. அவ அம்மா சுகர்லதான் காலை எடுத்து, அப்புறம் போயிட்டாங்க. அந்தப் பயத்துல ஒரு வருஷமெல்லாம் என்னால காத்திருக்க முடியாதுன்னு நிக்கிறா. இவங்க ஒரே நாள்ல பதினெட்டு கிலோன்னு சொல்றாங்க."

"எவங்க?"

"கொடியிடை பாடி ஸ்டூடியோ. சிராங்கூன் ரோட்ல."

"பேர் வச்சவனைப் பிடிச்சு முதல்ல நாலு அறை," என்றார் சேதுபதி.

"சுகர் இருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?" ஃபர்சானா கேட்டாள்.

சரத் கீழே பார்த்தான். "அங்கதான்க்கா பயமா இருக்கு. ஃபார்ம்ல சுகர் இல்லைன்னு இருக்கு. இவளும் கையெழுத்துப் போட்டுட்டா. மாத்திரையும் பத்து நாளா போடல. கொழுப்பு போனா சுகரும் போயிடும், மாத்திரை எதுக்குன்னு கேக்குறா."

ஃபர்சானாவின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிப் போனது. கண்ணுகளா, சிரிப்புக் கதை என்று சாய்ந்து உட்கார்ந்திருந்தால் நீங்களும் இங்கே கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளுங்கள்.

"நீங்க சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"நான் வாயைத் திறந்தா, 'நான் குண்டாவே சாகணுமா'ன்னு கேக்குறா. நான் என்ன சொல்றது? அவளுக்கு எல்லா நம்பிக்கையும் இந்தப் படத்து மேலதான்." அங்கே போய் விசாரித்தவளுக்கு அவர்கள் அனுப்பிய படம். கைப்பேசியை நீட்டினான்.

ஒரே பெண்ணின் இரண்டு படங்கள். இடப்பக்கம் பருத்து நின்றாள், வலப்பக்கம் மெலிந்து நின்றாள். இரண்டிலும் அதே கடுகு நிறப் பட்டு, அதே அரக்கு நிற ரவிக்கை. முன்: 86 கிலோ. பின்: 68 கிலோ. ஒரே நாளில்! கீழே, 'திருமதி எஸ்., குடும்பத் தலைவி' என்று சின்ன எழுத்தில்.

ஃபர்சானா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"மேடம், உலகமே இடுப்பைப் பாக்குது. நீங்க மட்டும் கக்கத்தைப் பாக்கறீங்க," என்றார் சேதுபதி.

"இந்தக் கறுப்பா தெரியறது நிழலா, துணியான்னு போன்ல தெரியல." அவள் நிமிர்ந்தாள். "சரத், உங்க வீட்டுல பிளவுஸ் யாரு தைக்கிறா?"

"பிளவுஸா?" சரத் விழித்தான். "அது... சேலையோட வராதா?"

"சேது அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? என் பொண்டாட்டி வாங்குறா, கட்டுறா, நல்லா இருக்கான்னு கேக்குறா, நான் நல்லா இருக்குங்கறேன். முப்பது வருஷமா குடும்பம் அப்படித்தான் ஓடுது."

ஃபர்சானா கைப்பையை எடுத்தாள். "ரெண்டு ஆம்பிளைக்கும் தெரியல. ரொம்ப நல்லது. அப்ப இந்தப் படத்தைப் போட்டவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

* * *

நகைக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவே, இரண்டாம் மாடியில் இருந்தது கொடியிடை. உள்ளே நுழைந்ததும் எலுமிச்சைப் புல் வாசனை. கண்ணாடிக் குடுவையில் வெள்ளரித் துண்டுகள் மிதக்கும் தண்ணீர். பருமனானவர்களை நம்பிப் பிழைக்கும் அந்த இடத்தில் அத்தனை நாற்காலியும் ஒல்லி நாற்காலி. உட்காரும்போதே வந்தவர்களுக்குத் தங்கள் உடம்பைப் பிடிக்காமல் போக வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டு வாங்கியவை. சேதுபதி ஒன்றில் உட்கார்ந்தார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

"வெல்கம் அங்கிள்!" உடம்போடு ஒட்டிய சட்டையும் பல்வரிசையுமாக ஓர் ஆள் வந்து அதைக் கழற்றிவிட்டான். "ஐ'ம் ரித்திக். சீனியர் கன்சல்டன்ட்."

"டாக்டரா?"

"டாக்டர் வேற இடத்துல, அங்கிள். நாங்க பிளானிங். இவங்க?"

"தங்கச்சி. நான் பயந்து ஓடிட்டா பிடிக்கிறதுக்கு வந்திருக்கா."

ரித்திக் உள்ளறைக்கு அழைத்துப் போனான். சேதுபதியின் சட்டையை உயர்த்தி, நீல நிறப் பேனாவால் வட்டம் வட்டமாக வரைந்தான். "அங்கிள், உங்களுக்கு எட்டு ஏரியா."

"எட்டா? தீவோட அந்தக் கோடி, சுவா சூ காங் வரைக்கும் வரும் போலயே. எவ்வளவு கிலோ போகும்?"

"உங்க சைஸுக்கு இருபது, இருபத்தஞ்சு கன்ஃபர்ம்."

"ஒரே நாள்ல?"

"லன்ச்சுக்கு அப்புறம் வந்தா டின்னருக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"டின்னர் சாப்பிடலாமா?"

"என்ன வேணா சாப்பிடலாம் அங்கிள்! நடக்க வேணாம், பட்டினி கிடக்க வேணாம். கொழுப்பு தங்குற செல்லையே எடுத்துடறோம். அப்புறம் சாப்பிட்ட கொழுப்பு எங்க போய்ச் சேரும், சொல்லுங்க?"

அந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பதில் மாலையில் லிஃப்டில் ஏறி வரும்.

ஃபர்சானா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு படங்களும் அங்கே ஆளுயரத்தில் தனித்தனிச் சட்டங்களில் தொங்கின. சட்டங்களுக்கு மேலே சுவரில் பொன்னிற எழுத்துகள்: 'முன்', 'பின்', நடுவே 'ஒரே நாளில்!'.

"ஏன் தம்பி, இவ்வளவு நல்ல படத்தை வாசல்ல மாட்டலாமே?"

"ரூல்ஸ் விடாது மேடம். உள்ளே வர்றவங்களுக்கு மட்டும்."

"கம்ப்யூட்டர்ல ஒல்லியாக்கிட்டாங்கன்னு யாராவது சொல்லுவாங்களே."

ரித்திக்குக்கு உற்சாகம் பொங்கியது. "சான்ஸே இல்ல. எடிட்டிங் கிடையாது. நல்லாப் பாருங்க, அதே சேலை, அதே பிளவுஸ். நான்தான் அதையே கட்டிட்டு வரச் சொன்னேன். வேற துணின்னா வேற ஆள்னு சொல்லிடுவாங்கல்ல?"

"ரொம்பப் புத்திசாலி," என்றாள் ஃபர்சானா. மனசாரத்தான் சொன்னாள். இப்படிப்பட்ட புத்திசாலிகள் இல்லாவிட்டால் அவள் பிழைப்பு என்ன ஆவது?

'முன்' படத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று ரவிக்கையின் பக்கவாட்டைப் பார்த்தாள். பிறகு கையோரத்தைப் பார்த்தாள். அங்கே வரிசையாகச் சிவப்பு முத்துகள், நடுவே ஒன்று மட்டும் பச்சை. சேதுபதியிடம் கண்ணைக் காட்டினாள். அவர் உடனே அளவெடுக்கும் கட்டிலில் தொப்பென்று படுத்தார். கட்டில் அலறியது, ரித்திக் ஓடினான். அந்த இடைவெளியில் நாலு படம் எடுத்துக்கொண்டாள்.

இதைப் படிக்கும் பெண்களில் பாதிப்பேர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள், தங்கங்களே. பாவம், அவர்களும் கொஞ்சம் திணறட்டும்.

* * *

தேக்கா சந்தை மாடியில் துணிக்கடைகளுக்கு நடுவே தையல் மெஷினுக்குப் பின்னால் அப்துல் மஜீது உட்கார்ந்திருந்தார். அவர் தைக்கும் ஒவ்வொரு ரவிக்கையிலும் ஒரு முத்து மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். கண் பட்டுவிடக் கூடாதாம். தேக்காவில் சேலை வாங்கும் பெண்களுக்கு இது தெரியும்.

"மஜீது நானா, இது நீங்க தைச்சதா?"

மஜீது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "என் முத்துதான். யாரும்மா இந்தப் புள்ளையச் சுவத்துல மாட்டினது?"

"யாருன்னு தெரியுமா?"

"சக்தி. சுவா சூ காங்ல சூப்பர்மார்க்கெட்ல கேஷியரா இருக்கு. தம்பி கல்யாணத்துக்குத் தைச்சது இது. ஆளை மறந்தாலும் துணியை மறக்க மாட்டேன்."

ஃபர்சானா இன்னொரு கேள்வி கேட்டாள். மஜீது விரலை மடக்கி இரண்டு என்று காட்டி, ஒரு வரியில் பதில் சொன்னார். அந்த வரியைக் கேட்டு சேதுபதி தன் சட்டையின் பக்கத் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மணி ஒன்று இருபது. சக்தியின் கைப்பேசி எடுக்கப்படவில்லை. வேலை நேரத்தில் எடுக்க மாட்டாள் என்றார் மஜீது.

"வண்டியை எடுங்க," என்றாள் ஃபர்சானா.

"சாப்பாடு?"

"எட்டு ஏரியா வச்சிருக்கீங்க. ஒரு வேளை தாங்கும்."

சூப்பர்மார்க்கெட்டில் நாலாவது கவுன்டரில் இருந்தாள் சக்தி. நாற்பது வயது. பருத்த தோள்கள், பருத்த கைகள், களைத்த கண்கள். ஃபர்சானா ஒரு பாக்கெட் பிஸ்கட்டை வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் கைப்பேசிப் படத்தையும் வைத்தாள்.

சக்தியின் கை ஸ்கேனர் மேலேயே நின்றுபோனது. "என் படம்... இது எங்க இருக்கு?"

"கொடியிடையில. ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கான்."

"ஃபைலுக்குன்னு சொன்னான்க்கா. ஃபைலுக்குன்னுதான் எடுத்தான்." குரல் தழைந்தது. "நீங்க போங்க. நான் வர மாட்டேன். நான் பட்ட அசிங்கம் போதும். ஊர் கூடிப் பாக்கணுமா?"

"இப்பவே ஊர் பார்த்துட்டுத்தான் இருக்கு. தப்பாப் பாக்குது. இன்னிக்கு நாலு மணிக்கு ஒரு பொண்ணு உங்க படத்தை நம்பிப் போறா. சுகர் இருக்கு. இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கா."

பின்னால் வரிசையில் நின்ற சீனப் பாட்டி கூடையால் சேதுபதியை இடித்தாள். அவர் பிஸ்கட்டை எடுத்துப் பிரித்து அவளிடம் ஒன்று நீட்டினார்.

சக்தி அந்தக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "மூணு மணிக்கு ஷிஃப்ட் முடியுது. வீட்டுக்குப் போய் ஒண்ணு எடுக்கணும்."

"சேது அண்ணே இருந்து கூட்டிட்டு வருவாரு. நான் ரயில்ல போய் வேனை நிப்பாட்டுறேன்."

"வேன் நிக்காட்டி?"

"நின்னுடும். கீழே சரத்தைப் படுக்கச் சொல்லியிருக்கேன்."

* * *

மூன்று ஐம்பது. கொடியிடையின் ஒல்லி நாற்காலிகளில் நாலு பெண்கள் இருந்தார்கள். கடைசியில், மடியில் பையை இறுக்கிக்கொண்டு, தாரணி. முப்பத்திரண்டு வயது. காலையிலிருந்து பட்டினி. உதடு காய்ந்திருந்தது.

ஃபர்சானா பக்கத்தில் உட்கார்ந்தாள். "தாரணிதானே?"

"சரத் அனுப்பினாரா? ப்ளீஸ்க்கா, ஆரம்பிக்காதீங்க. நான் முடிவு பண்ணிட்டேன்."

"ஆரம்பிக்கல. ஒரு சந்தேகம். நீங்க சைல்ட்கேர்ல நாலு வயசுப் பிள்ளையைத் தூக்கியிருப்பீங்களே, எவ்வளவு கனம் இருக்கும்?"

"பதினாறு, பதினெட்டு இருக்கும். ஏன்?"

"அந்தப் பிள்ளையைக் கை, கால், தலையோட ஒரு குழாய் வழியா உறிஞ்சி எடுக்கணும். மதியம் எடுத்துட்டு ராத்திரி உங்களை நாசி லெமாக் சாப்பிட வீட்டுக்கு அனுப்பணும். முடியுமா?"

தாரணி கண்ணை மூடித் திறந்தாள். "முடியாதுன்னுதான் தோணுது. ஆனா படம் இருக்கே! கண்ணால பாக்கறேனே! எங்கம்மா கட்டில்ல கிடந்ததையும் கண்ணாலதான் பாத்தேன். எனக்கு அது வேணாம். அவ்வளவுதான்."

"சரி. வாங்க, அந்தப் படத்தையே பாப்போம்."

கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். மற்ற மூன்று பெண்களும், சும்மா இருக்க முடியுமா, பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள். ரித்திக் ஓடி வந்தான். "மேடம், அங்கிள் வரலியா? எக்ஸ்க்யூஸ் மீ, வேன் டைம் ஆச்சு—"

"வேன் டயர் முன்னால ஒருத்தர் படுத்திருக்காரு. நேரம் இருக்கு." ஃபர்சானா 'முன்' படத்தின் முன்னால் நின்றாள். "தாரணி, இடுப்பைப் பாக்காதீங்க. கைக்குக் கீழே, பிளவுஸோட பக்கத்தைப் பாருங்க. என்ன தெரியுது?"

தாரணி கிட்டே போனாள். "ஒரு பட்டை. ஒரு விரல் அகலத்துக்கு. மத்த துணியைவிட நிறம் அடர்த்தியா."

"அதுக்குப் பக்கத்துல?"

"ஓட்டை மாதிரி... வரிசையா... ஊசி போட்ட தடம்." சட்டென்று திரும்பினாள். "இது பிரிச்சு விட்ட பிளவுஸ்!"

வாசலில் நின்ற ஒரு பெண், "ஐயய்ய, ஆமா!" என்றாள்.

ரித்திக் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் எத்தனையோ இடுப்புகளைப் பார்த்தவன். ஒரு ரவிக்கையின் உள்பக்கத்தை மட்டும் பார்த்ததில்லை.

"தம்பிக்குப் புரியல. நான் சொல்றேன்," என்றாள் ஃபர்சானா. "எங்க டெய்லர் யாரும் துணியை ஒட்ட வெட்ட மாட்டாங்க. பக்கத்துல ரெண்டு விரல் உள்ளே மடிச்சு வைப்பாங்க. உடம்பு போட்டா தையலைப் பிரிச்சு விட்டுக்கலாம். உள்ளே மடிஞ்சிருந்த துணி வெயில் பாக்காது, அதனால மங்காது. வெளியே இருந்தது மங்கியிருக்கும். பழைய ஊசித் தடமும் போகாது. அப்ப, இந்தக் குண்டுப் படம் எடுக்கறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே இதே பிளவுஸை இவங்க ஒல்லியா இருக்கும்போது போட்டிருக்காங்க. பின் படத்துல பட்டையும் இல்ல, தடமும் இல்ல, துணி புதுசா இருக்கு. எது முன், எது பின்?"

வாசலில் நின்ற பெண்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

ரித்திக் இருமினான். சாமர்த்தியசாலி, உடனே பிடித்துக்கொண்டான். "ஓகே, ஓகே. அவங்க முதல்ல ஒல்லியா இருந்தாங்க. அப்புறம் குண்டானாங்க, பிரிச்சாங்க. எங்ககிட்ட வந்து மறுபடி ஒல்லியானாங்க. இதுல என்ன தப்பு? அந்தப் 'பின்' படம் பழசா இருக்கலாம், ஆனா இப்பவும் அவங்க அப்படித்தான் இருக்காங்க! சூப்பரா இருக்காங்க!"

தாரணியின் முகத்தில் மறுபடியும் அந்த ஆசை எட்டிப் பார்த்தது. ஃபர்சானா அதைப் பார்த்தாள். கடிகாரத்தையும் பார்த்தாள். நாலு மூன்று.

"இப்பவும் எப்படி இருக்கேன்?" என்று ஒரு குரல் கேட்டது.

வாசலில் நின்ற பெண்கள் விலகினார்கள். கடுகு நிறப் பட்டு. அரக்கு நிற ரவிக்கை. பக்கவாட்டில் இரண்டு பட்டைகள், ஒன்றையடுத்து ஒன்று. சக்தி உள்ளே வந்து 'முன்' படத்தின் பக்கத்தில் நின்றாள். படத்தைவிட அவள்தான் பெரியவள்.

பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு சேதுபதி. "சாரி மேடம். லிஃப்ட் சின்னது. ரெண்டு ட்ரிப் அடிச்சோம்."

"மஜீது நானா ரெண்டு தடவை பிரிச்சுட்டாரு," என்றாள் சக்தி, ரித்திக்கைப் பார்த்து. "இனி உள்ளே துணி இல்லைன்னுட்டாரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி எழுபத்தொரு கிலோவுல உன்கிட்ட வந்தேன். உறிஞ்சின அன்னிக்கு வீங்கிப் போய்க் கிடந்தேன். ஆறு வாரம் பெல்ட்டுக் கட்டி, தம்பி கல்யாணத்துக்காகக் கஞ்சியும் தண்ணியுமா கிடந்து, அறுபத்தெட்டு. மூணு கிலோ! அதுலயும் பாதி கஞ்சி செஞ்ச வேலை. அந்தக் கல்யாணத்துல எடுத்து நான் உனக்கு அனுப்பின படம்தான் உன்னோட 'பின்'."

"ஆன்ட்டி, ப்ளீஸ், நாம ரூம்ல—"

"இதுதான் ரூம். எல்லாருக்கும் சொன்னியே, கொழுப்பு எங்க போய்ச் சேரும்னு?" கையைத் தூக்கித் தட்டிக் காட்டினாள். "இங்க போய்ச் சேர்ந்துச்சு. முதுகுல சேர்ந்துச்சு. வயித்துல இடம் இல்லைன்னதும், என் உடம்புல இதுவரைக்கும் கொழுப்பே பாக்காத இடமெல்லாம் தேடிப் போச்சு. எண்பத்தாறு ஆனப்போ வந்து கேட்டேன். 'ஃபைலுக்கு ஒரு படம் எடுக்கறேன், அதே பிளவுஸ் போட்டுட்டு வாங்க, சரி பண்ணித் தர்றேன்'னே. எடுத்தே. அப்புறம் நான் கூப்பிட்டா போனை எடுக்கல. இப்பத்தானே தெரியுது, எதுக்கு எடுத்தேன்னு!"

கண்ணுகளா, திருட்டு உலகத்தில் எவ்வளவோ உண்டு. ஆனால் தான் கெடுத்த வேலையையே கவிழ்த்து மாட்டி, அதைக் காட்டி அடுத்தவரைப் பிடிப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். கொடியிடையாம், கொடியிடை! தூ.

தாரணி மட்டும் படத்தையும் பார்க்கவில்லை, ரித்திக்கையும் பார்க்கவில்லை. சக்தியின் முகத்தைத்தான் பார்த்தாள். "அக்கா, உங்களுக்குச் சுகர் இருந்துச்சா?"

அவள் கேட்க விரும்பிய ஒரே கேள்வி அதுதான்.

சக்தி குரலை இறக்கினாள். "இருந்துச்சும்மா. அது போகல. தொப்பை போச்சு, சுகர் இருந்த இடத்துலயே இருந்துச்சு. குழாய் போட்ட ஓட்டை ஆறாம ரெண்டு மாசம் சீழ் வச்சு, கல்யாணம் முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரியில கிடந்தேன். அங்க டாக்டர் கேட்டாரு, சுகரை ஏன் மறைச்சேன்னு. நான் மறைக்கல. ஃபார்ம்ல இல்லைன்னு போட்டே இருந்துச்சு."

"எனக்கும் போட்டே இருந்துச்சு!" என்றாள் தாரணி.

ஃபர்சானா கையை நீட்டினாள். நாலு பெண்களும் தங்கள் படிவங்களைக் கொடுத்தார்கள். நாலிலும் 'நீரிழிவு இல்லை' என்ற கட்டத்தில் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், அச்சிலேயே வந்த சரிக்குறி.

"கிளெய்ம் ஃபைல்ல எத்தனையோ பார்த்திருக்கேன்," என்றாள் ஃபர்சானா தாரணியிடம். "நல்ல டாக்டர் யாரும் இதை எடை குறைக்கன்னு சொல்ல மாட்டாங்க. எடை சரியா இருந்து, ஒரு இடத்துல மட்டும் கரையாம நிக்கிறவங்களுக்கு வடிவு திருத்தறது இது. அவங்க எடுக்கறது தோலுக்கு அடியில இருக்கிறதை. சுகருக்குக் காரணமான கொழுப்பு குடல், ஈரல் பக்கம் உள்ளே இருக்கு. அதைக் குழாய் தொடாது. நடை தொடும். மாத்திரை தொடும். ஒரு வருஷம் ஆகும்னு பாலிகிளினிக் டாக்டர் சொன்னாரே, உங்ககிட்ட பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்."

தாரணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. யாரும் தடுக்கவில்லை. சக்தி மட்டும் தன் முந்தானையை நீட்டினாள்.

ரித்திக் நாலு படிவங்களையும் பார்த்தான், ஃபர்சானாவின் கைப்பையைப் பார்த்தான், அவை அதற்குள் போவதைப் பார்த்தான். "மேடம், நாம பேசிக்கலாமே."

"பேசுவோம். நாளைக்குக் காலையில சுகாதார அமைச்சு ஆபீஸ்ல. நீங்க நல்லாப் பேசுவீங்க."

இதற்குள் சேதுபதி ஒரு நாற்காலி மேல் ஏறியிருந்தார். அது என்ன பாடு பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு சட்டங்களையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். 'முன்'னுக்குக் கீழே மெலிந்த சக்தி. 'பின்'னுக்குக் கீழே பருத்த சக்தி. நடுவே, 'ஒரே நாளில்!'

"இப்பத்தான் லா இந்தச் சுவர் உண்மை பேசுது," என்றபடி இறங்கினார்.

முதலில் சிரித்தவள் சக்திதான்.

* * *

கீழே வேனின் முன்னால் சரத், படுக்காவிட்டாலும், நிஜமாகவே வழிமறித்து உட்கார்ந்திருந்தான். தாரணியைப் பார்த்ததும் எழுந்து, பேண்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டாமலே நின்றான். அவள் அவன் கையில் தன் பையின் ஒரு காதைக் கொடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு தேக்காவுக்கு நடந்தார்கள்.

மஜீதின் கடையில் தாரணி பையைத் திறந்தாள். நீல நிறத்தில் ஒரு ரவிக்கை. "அடுத்த மாசம் என் நாத்தனார் கல்யாணம். பழசு. நாளைக்குப் போட்டா உள்ளே போயிடும்னு நினைச்சு எடுத்துட்டு வந்தேன்."

மஜீது உள்பக்கத்தைப் புரட்டினார். "துணி இருக்கும்மா. ரெண்டு விரல். எவ்வளவு விடட்டும்?"

"இப்ப இருக்கிற அளவுக்கு விடுங்க நானா." ஒரு மூச்சு விட்டாள். "அடுத்த வருஷம் பிடிக்கிறதுக்குக் கொண்டு வருவேன்."

"பிரிச்சுக் கொடுத்தவனே பிடிச்சும் கொடுப்பான். மெதுவா வாம்மா." அளவு நாடாவை அவள் இடுப்பில் சுற்றி, அங்குலத்தைச் சத்தமாகச் சொன்னார். வெறும் எண். அதில் ஏளனமும் இல்லை, விற்பனையும் இல்லை. அன்று முழுவதும் அவள் உடம்பைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கீழேயிருந்து சேதுபதி இரண்டு தோசையும் தேநீருமாக வந்தார். தாரணி தோசையைச் சாப்பிட்டாள். பையின் அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றை அழுத்தி எடுத்து வாயில் போட்டு, தேநீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சீனியே இல்லயே அங்கிள்!"

"சீனி போடாம, கோசோங்னு சொல்லி வாங்கினேன். எனக்கும் அதே." சேதுபதி தன் கோப்பையைச் சந்தேகமாகப் பார்த்தார். "கடைக்காரன் என்னைப் பாத்து, உடம்பு சரியில்லையான்னு கேக்குறான்."

ஃபர்சானா சிரிக்காமல் மஜீதைப் பார்த்தாள். "நானா, நாடா போதுமா, இவருக்கு?"

"ரெண்டு நாடா இருக்கும்மா," என்றார் மஜீது. "முடிச்சுப் போட்டுக்கலாம்."